பெல்ட் இடுப்பில் இருக்கும்போதே

படகில் பின்னால் உட்கார்ந்திருந்த இருவரும் என் முதலாளி அனுப்பிய ஆட்கள், என்னைத்தான் ஜாடை பேசுகிறார்கள் என்று நம்பினேன். மட்டாஞ்சேரியில் பிரியாணி மாஸ்டரான நான், முதலாளிக்குச் சொல்லாமல் எறணாகுளத்துப் போட்டிக் கடைக்கு வேலை கேட்கப் போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் செல்போனில், கம்பெனிகள் நடத்தும் சாம்பியன் பெல்ட் மல்யுத்தம் பார்த்தார்கள்.

“இந்த சாம்பியன் எதிர் கம்பெனிக்கு எப்ப தாவணும் சேட்டா?”

“பெல்ட் இடுப்புல இருக்கறப்பவே தாவிரணும்டா.”

“சோறு போட்டவனுக்கு துரோகமல்லே? தோத்துட்டு மரியாதையாப் போகட்டும்.”

“தோத்தவனை எவன் எடுப்பான்? வயசு நாப்பத்தஞ்சு, முட்டி வேற போச்சு. கைதட்டு நிக்கறதுக்குள்ள ஓடிரணும்.”

எனக்கும் நாற்பத்தைந்து. வலிக்கும் முட்டியைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

கரை வந்ததும் அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். போட்டிக் கடையில் போன வாரமே வேறு மாஸ்டரை எடுத்துவிட்டார்கள்.