மூன்றாவது சுற்று

ஜவ்வாது மலைக் குளிரில் வயலின் தந்தி சுருதியில் நிற்காது ஐயா. விடிகாலையில் உடற்பயிற்சி வகுப்பு என்றால், பிள்ளைகள் எழும் முன்பே நான் எழுந்து சுருதி கூட்டவேண்டும். அதைப்பற்றி ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் நான் பாட்டு வாத்தியார், சக்கரவர்த்தி டிரில் மாஸ்டர். ஒரே அறை, ஒரே அடுப்பு. அவர் களி கிண்டுவார், நான் குழம்பு வைப்பேன். விசில் ஊதி அலுத்துப்போய், வயலினுக்குப் பிள்ளைகள் கைகால் அசைத்தால் எப்படி இருக்கும் என்று அவர்தான் கேட்டார். கீர்த்தனைக்குக் குனிந்து நிமிர்வதா என்று முதலில் எனக்குச் சிரிப்பு. ஆனால் மோகனத்துக்கு அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகக் கை தூக்கியதைப் பார்த்த அன்று கண் கலங்கிவிட்டது. அந்த ஆளை என் கூடப்பிறந்தவனாகவே நினைத்தேன்.

எண்பத்திரண்டாம் வருஷ விளையாட்டு விழாவுக்கு மனிதக் கோபுரம் ஏற்பாடாயிற்று. மூன்று அடுக்கு, உச்சியில் பாஞ்சாலை. சாமை விதைக்கும் ரங்கனின் மகள். புளியமரத்து நுனிக்கொம்பில் நின்று உலுக்குகிறவள், பயம் அறியாதவள். முடிவில் நான் ஒரு ஸ்வரக் கோவையை மூன்று சுற்று வாசித்துப் பல்லவிக்குத் திரும்புவேன். பல்லவி விழும் இடத்தில் அவள் குதிக்கவேண்டும், கீழே சக்கரவர்த்தி ஏந்திக்கொள்வார். அவருக்குச் சங்கீத ஞானம் கிடையாது, விரல் மடக்கிச் சுற்றுகளை எண்ணுவார். முதல் இரண்டு சுற்றுக்கும் மேடையைப் பார்த்து சல்யூட், மூன்றாவதில் திரும்பிக் கை நீட்டுவார். பாஞ்சாலைக்கு மட்டும், எண்ணாதே, பல்லவியைக் கேட்டுக் குதி என்று சொல்லிக்கொடுத்தேன்.

"நீங்க வாசிங்க சார், நான் கண்ண மூடிக்கினே குதிக்கிறேன்" என்றாள்.

ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று சொல்லி என் வாசிப்பை சக்கரவர்த்தி டேப்பில் பிடித்தார். நானும் பூரித்துப்போய் வாசித்துக் கொடுத்தேன். மறுவாரம் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றிருந்தபோது உள்ளே சக்கரவர்த்தி பேசுவது கேட்டது.

"பாட்டுதான் டேப்புலயே கீதுங்களே, ஆளு இன்னாத்துக்கு சார்? அந்த போஸ்ட்ல எனக்கு ஒரு அசிஸ்டெண்ட் குடுங்க."

விழாவில் டேப்பையே போடுவது, விழா முடிந்ததும் நான் மலை இறங்கவேண்டும் என்று முடிவாயிற்று. அன்றைக்கும் வழக்கம்போல் என் தட்டில் களி உருண்டை வைத்தார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. துரோகம் செய்த கையால் சோறு போடுகிறானே என்று நெஞ்சு எரிந்தது. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போயிருப்பேன்.

விழாவுக்கு முந்தின பகல் எல்லோரும் பந்தல் போடப் போயிருந்தார்கள். டேப் ரிக்கார்டர் அறையில்தான் இருந்தது. அதே டேப்பில், அதே கீர்த்தனையை முதலிலிருந்து வாசித்துப் பதிந்தேன். கோவையை மட்டும் இரண்டு சுற்றோடு முடித்துப் பல்லவியைப் பிடித்தேன். தாளக் கணக்கு இடிக்காதபடி கோவையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன். நல்ல வாசிப்பு அது.

விழாவில் இரண்டாவது சுற்று முடிந்தபோது சக்கரவர்த்தி சல்யூட்டில் நின்றிருந்தார். பல்லவி விழுந்தது. பாஞ்சாலை குதித்தாள். கீழே பாறைத்தரை. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஜீப் அடிவாரத்து அமிர்தி வரை போனது. அதற்குமேல் போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பிள்ளைக்கு அடிபடும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் ஊர் முன்னால் அந்த மனிதன் தலைகுனிய எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மறுநாள் ரங்கன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு இன்னா சார் ஆச்சு?"

டிரில் மாஸ்டரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

சக்கரவர்த்தியை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்னை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். ஆனால் வயலின்காரன் தடுமாறிவிட்டான், தாளம் தப்பிவிட்டது என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். அதனால்தான் வந்தேன். டேப்பைப் போட்டுக் கேளுங்கள் ஐயா. தாளம் எங்கேயும் தப்பவில்லை. பாஞ்சாலையும் தப்பவில்லை, என்னிடம் கற்றுக்கொண்ட பிள்ளை, சரியான இடத்தில்தான் குதித்தாள்.