மார்செய்யிலிருந்து வந்த தாய்மாமன்

அவையை ஆளும் தலைவி பத்மாவதி அவர்களே! முன்வரிசையிலிருந்து என் தமிழை எடைபோட்டுக்கொண்டிருக்கும் என் மாமி குணலட்சுமி அவர்களே! கடலை வென்ற ஊரின் பெரியோர்களே! தாய்மார்களே! பின்வரிசையில் கைபேசி பார்க்கும் இளையோரே! ஆர்மீனியப் பெண்ணாகப் பிறந்து, பிரான்சிலே வளர்ந்து, வல்வெட்டித்துறையிலே வாழ்க்கைப்பட்ட அனாஹித்தின் பணிவான வணக்கம்!

‘பெண்ணியமும் இன அடையாளமும்’ என்று தலைப்புத் தந்தீர்கள். தெளிவை எதிர்பார்த்துத்தான் தந்திருப்பீர்கள். என்னிடம் இருப்பதோ குழப்பம்! சிரிக்கிறீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் ஜெயதீபனை மணந்தபோது, பிரான்சின் மார்செய் நகரிலே என் அண்ணன் ஹாகோப் கதவை அடைத்தார். “வெட்டப்பட்டும் விரட்டப்பட்டும் எஞ்சிய கொஞ்சப் பேர் நாங்கள். நீயும் போனால் இனம் என்னாவது?” என்றார். அவர் மணந்ததோ பிரெஞ்சுக்காரியை! ஆண் வெளியே மணந்தால் காதல். பெண் மணந்தால் துரோகமா? இனத்தைச் சுமக்கும் பாரம் பெண்ணின் தலைக்கு மட்டுமா? அன்று கேட்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

சென்ற மாதம் என் மகள் வித்தியா பெரியவளானாள். பூப்புநீராட்டு, உங்கள் சாமத்தியவீடு, கூடாது என்றேன். ஒரு சிறுமியின் உடம்பு ஊருக்கு அறிவிப்பா என்று முழங்கினேன். கை தட்டுகிறீர்கள், பொறுங்கள், கேவலம் இனித்தான் இருக்கிறது!

மாமி என்னோடு வாதாடவில்லை. மகன் ஜெயதீபனை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, மார்செய்க்கே அழைப்பெடுத்துவிட்டார். “தம்பி, தாய்மாமன் தேங்காய் உடைக்காமல் பிள்ளைக்கு எப்பிடித் தண்ணி வாக்கிறது? உங்கடை இடம் இஞ்சை இருக்கு, வாங்கோ.” ஓம் மாமி, இதையே சொன்னீர்கள்!

அவர் வருகிறேன் என்றதும் நானும் சடங்குக்கு ஓம் என்றேன். வந்தார் என் அண்ணன். வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. பெல்ட் போட்டுக் கட்டினோம். தேங்காய் மூன்றாவது அடியில்தான் உடைந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் உரிமைக் குரல் மீட்காத அண்ணனை, நான் எதிர்த்த சடங்கு மீட்டுத் தந்ததே! நான் வென்றேனா? தோற்றேனா? கொள்கையை விற்றேனா, உறவை வாங்கினேனா? பழக்கம் ஒவ்வொன்றையும் பறிகொடுத்த இனத்தின் மகள் நான். இன்னோர் இனத்தின் பழக்கத்தை உடைக்க எனக்கு எப்படிக் கை வரும்? அதற்காக என் மகளை மேடையில் இருத்தலாமா? எனக்குத் தெரியவில்லை, தாய்மார்களே!

சடங்கு முடிந்து, தலையிலிருந்த பூவைக் கழற்றும்போது வித்தியா சொன்னாள்: “அம்மா, வேண்டாமெண்டு சொல்லேக்கையும் நீங்கள் என்னைக் கேக்கேல்லை. ஓமெண்டு சொல்லேக்கையும் கேக்கேல்லை.”

என் அண்ணன் என் விருப்பத்தைக் கேட்காதது அநியாயம் என்று பதினான்கு ஆண்டுகள் பேசியவள் நான். என் மகளை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை கேட்டேன், இதை மேடையில் சொல்லலாமா என்று. “சொல்லுங்கோ. ஆனா என்னைக் கூப்பிடாதேங்கோ” என்றாள்.

தலைவி அவர்களே, அவளை மேடைக்கு வரும்படி கைகாட்டுகிறீர்கள். சபையும் கை தட்டுகிறது. உங்கள் அன்புக்கு நன்றி. அவள் வரமாட்டாள். அவளுக்கு விருப்பமில்லை. இந்த மேடையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்!

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்!