ரெண்டு அங்குலம்

— கீல் உடையலன்னா இன்னைக்கும் வந்திருக்க மாட்டே, அப்படித்தானே? ரெண்டு வருஷம்டா. அக்கா வீட்டு வாசப்படியை மிதிக்காம ரெண்டு வருஷம்.

— கீல் உடையலக்கா. திருகுதான் லூசாயிருக்கு. டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடி.

— பிடிக்கிறேன். பேச்சை மாத்தாதே. கோவம்தானே?

— சரி விடுக்கா. பழசு.

— எப்படி விடுறது? இந்தச் சமையலறையை நீதான் செய்யப் போறேன்னு மரமெல்லாம் வாங்கிக் காய வச்சிருந்தே. நாங்க கம்பெனியில ஆர்டர் கொடுத்துட்டோம். உன்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்.

— சொல்லத்தான் வேணுமா? நான் டேப்பை எடுத்துக்கிட்டு அளவெடுக்க வந்தேன். மாமா மேசை மேல கம்பெனிக்காரன் கொடுத்த கலர் அட்டையைப் பரப்பி வச்சிருந்தாரு. 'மாப்ளே, இதுல எது நல்லாருக்கு?'ன்னு என்கிட்டயே கேட்டாரு.

— ஐயோ, அவருக்கு வாய் எங்க நிக்குது. நீ என்ன சொன்னே?

— சாம்பல் கலர் அழுக்கு தெரியாதுன்னேன். தண்ணி குடிச்சேன். கிளம்பிட்டேன்.

— நாங்க பயந்துட்டோம்டா. பாப்பா குழந்தையா இருந்தப்போ அவளுக்கு ஓர் அலமாரி செய்யச் சொன்னோம், எட்டு மாசம் இழுத்தடிச்சே. கேட்டா 'நாளைக்கு', மறுபடி கேட்டா 'நாளைக்கு'. அது வர்றதுக்குள்ள அவ சட்டையெல்லாம் அவளுக்குச் சின்னதாப் போச்சு.

— அது நிஜம்தானேக்கா. மாமா மேல தப்பில்ல.

— ஆனா என்ன உழைப்பு! இன்னும் அசையல அந்த அலமாரி. உன் வழக்கப்படி பின்பக்கம் பென்சில்ல எழுதி வச்சிருக்கே பாரு, 'பாப்பாவுக்கு'ன்னு. ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து ஒரு பாட்டம் அழுவேன்.

— குள்ளியக்கா, அழுறதா இருந்தா டார்ச்சை ஆட்டாம அழு.

— போடா. குள்ளின்னு கூப்பிட்டு எத்தனை நாளாச்சு! ஆனா ஒண்ணு, கோவிச்சுக்காதே. கம்பெனிக்காரனுக்கு ஊருக்கெல்லாம் ஒரே அளவு, நீ முக்காலி போட்டு ஏறித்தான் சமைக்கணும்னு முன்னாடியெல்லாம் பயமுறுத்துவியே? இங்க பாரு, என் உயரத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மேடை. தோள்வலி போன இடம் தெரியல.

— நல்லதாப் போச்சு.

— மாட்ட வந்த பசங்களே முழிச்சாங்க. கீழ்ப்பெட்டி எல்லாமே ரெண்டு அங்குலம் உயரம் கம்மியாம், திருப்பி எடுத்துட்டுப் போறோம்னாங்க. நான் விடுவேனா? 'எனக்கு இதான் சரி, மாட்டுங்கடா'ன்னுட்டேன். எவனோ தூக்கக் கலக்கத்துல வெட்டினான், எனக்கு யோகம் அடிச்சுது.

— சும்மாவா மாட்டினாங்க?

— எங்க? கம்பெனிக்குப் போன் போட்டு அரைமணி நேரம் கத்திட்டுத்தான் மாட்டினாங்க.

— கத்தத்தான் செய்வாங்க. அந்தச் சின்னத் திருகை எடு.

— இந்தா. நீயும் ஏதோ பலகை வெட்டுற கம்பெனிக்குப் போனியாமே. மூணே மாசத்துல அனுப்பிட்டாங்கன்னு உன் பொண்டாட்டி சொன்னா.

— ரெண்டரை மாசம்.

— அளவு தப்பா வெட்டிட்டியாம். இருபத்தஞ்சு வருஷம் உளி பிடிச்ச கை, ஒரு மெஷின்ல அளவு வைக்கத் தெரியலையான்னு கேட்டதும் சிரிச்சுட்டேன்டா. அப்புறம்தான் வயிறு எரிஞ்சுது. பட்டறையும் போச்சு, அந்த வேலையும் போச்சு, வீடு வீடாப் போய்க் கீல் மாட்டுறே. எல்லாம் என்னால.

— சரி விடுக்கா.

— விட மாட்டேன். உன்னைக் கூப்பிட்டதே கீலுக்கு இல்ல. கல்யாணமாகிப் போன பாப்பாவோட புது வீட்டுக்குச் சமையலறை போடணும். மாப்பிள்ளை கம்பெனிக்கே கொடுத்துடலாம்ங்கிறாரு. என் தம்பிதான் செய்வான்னு சொல்லிட்டேன். ஒரு வருஷம் இழுத்தாலும் சரி.

— எதை வச்சுச் செய்ய? ரம்பம், இழைப்புளி எல்லாத்தையும் வித்தாச்சு. பையில பாரு, ஒரு ஸ்க்ரூடிரைவரும் இடுக்கியும்தான். பேசாம கம்பெனிக்கே கொடு.

— இந்தத் தடவையும் உன்னை விட்டுட்டா இந்த மேடை முன்னாடி நின்னு ஒரு வாய் தண்ணி இறங்காதுடா எனக்கு.

— பாப்பா உன்னை மாதிரியா? நல்ல உயரம். கம்பெனி அளவே அவளுக்குச் சரியா இருக்கும்.

— வீம்பு. அப்படியே அப்பாவோட வீம்பு... டேய், இது என்ன? மேடைக்கு அடியில, பலகையில பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு.

— கம்பெனி நம்பரா இருக்கும். வெளிச்சத்தை இங்க காட்டு.

— இருடா, கண்ணாடி போட்டுக்கிறேன்... 'குள்ளியக்காவுக்கு. ரெண்டு அங்குலம் கம்மி.'

— கீல் பக்கம் டார்ச்சைப் பிடிக்கா.

— டேய்.

— அந்த ஒரு வேலையைத்தான்க்கா நாளைக்குன்னு சொல்லாம அன்னைக்கே முடிச்சேன்.