ஒட்டாத கிருமி

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால்தான் டாக்டருக்குப் படிக்காமல் கிருமி ஆராய்ச்சிப் பக்கம் ஒதுங்கினேன். கிருமிகள் சத்தம் போடாது, அழாது. கண்ணாடித் தட்டில் பால்துளி போலப் பேசாமல் வளரும்.

நீங்கள் கேட்டதால் புரியும்படி சொல்கிறேன். கிருமி உள்ளே போனால் மட்டும் நோய் வந்துவிடாது. எச்சிலும் சிறுநீரும் ரத்த ஓட்டமும் அதை அடித்துக்கொண்டு போகப் பார்க்கும். அது எங்காவது பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே அதன் மேற்பரப்பில் சில புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நம் திசுவில் தோதான இடம் கிடைத்ததும் அவை கவ்விக்கொள்ளும். நான் வளர்த்த கிருமியில் அந்தப் புரதம் இல்லாமல் செய்திருந்தேன். எலிகளுக்குப் போட்டேன், ஒன்றுகூடச் சாகவில்லை. பிறகு அசல் கிருமியைப் போட்டபோதும் சாகவில்லை. தடுப்பூசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆய்வகத் தலைவியை நாங்கள் மேடம் என்போம். அவருக்கு இது போதவில்லை. "எலிக்கு ஒட்டலைன்னா மனுஷனுக்கும் ஒட்டாதா? வேற புரதம் ஏதாவது பிடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார். இன்னும் சில வருஷம் பொறுக்கச் சொன்னார்.

என் தம்பிக்கு ஊசி என்றால் பயமில்லை. சத்து ஊசி என்றேன். "நீ போட்டா சரிதாண்ணே" என்று டிவியைப் பார்த்தபடியே கையை நீட்டினான். வெளியாளுக்குப் போட்டிருந்தால் தப்பு. இவன் கூடப் பிறந்தவன், எனக்கு உரிமை இருந்தது.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. இதய வால்வில் ஏதோ கிருமி ஒட்டியிருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். கொடுத்த மருந்து எதற்கும் அது மசியவில்லை. எதற்கு மசியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கொடுத்துவிட்டால், கிருமி தானாகக் கழன்றதா, மருந்தில் செத்ததா என்று ஒருநாளும் தெரிந்திருக்காது. பொறுத்துப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

ஆய்வகக் குளிர்பெட்டியில் ஒரு கிருமிக் குப்பி குறைவதை மேடம் பார்த்துவிட்டார். என் தம்பி மருத்துவமனையில் கிடப்பது அவருக்குத் தெரியும். முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார்.

"தம்பிக்கா போட்டே? வாயத் திறந்து சொல்லுடா பாவி."

தலையாட்டினேன்.

"இன்னும் உசுரு இருக்குல்ல? டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

மேசையில் பழைய நுண்ணோக்கி இருந்தது. அடிப்பாகம் வார்ப்பிரும்பு. இரண்டு கையாலும் தூக்கி அவர் பின்தலையில் இறக்கினேன். போன் விழுந்தது, அவர் விழவில்லை. திரும்பி என் கோட்டுக் கையைப் பற்றிக்கொண்டார். அந்த வயதுக்கு நல்ல பிடி. வாயில் அடித்தேன்; பல் ஒன்று தெறித்துக் கழுவுதொட்டியில் விழுந்தது. அப்போதும் விடவில்லை. மணிக்கட்டு முறிந்த பிறகுதான் விட்டார். தரையில் கிடந்தும் "டாக்டர்கிட்ட சொல்லு" என்றே முனகினார். அந்தச் சத்தம் நிற்க இன்னும் சில அடிகள் வேண்டியிருந்தன. எனக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். கோட்டை மாற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

தம்பி மனைவி அறை வாசலில் நின்றாள். "மாமா, நீங்க போட்ட ஊசியப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிப் பாக்கட்டுமா?"

"சத்து ஊசிம்மா அது. அவரப் போட்டுக் குழப்பாத."

அவளை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். தம்பி நினைவோடுதான் இருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "மூச்சு முட்டுதுண்ணே, யாரையாச்சும் கூப்பிடு" என்றான். நர்ஸை அழைக்கும் மணியைத் தடவித் தேடினான். அதை எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்தேன். கிருமி கழலும் நேரம் அதுவாகவும் இருக்கலாம், இல்லையா? அவன் கட்டிலை உதைத்தான். கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மேடத்தைக் கொன்றது நான்தான். அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். தம்பியைக் கொன்றதாகவும் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள். அவன் மூச்சு அடங்கும்வரை பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.