முதலில் இழுத்த வயர்

அவைத் தலைவர் கொராஸ்த் அவர்களே! ப்ரேயா மென்பொருளின் முதல் வரியை எழுதிய முன்னோடிகளே! ஒரு பிழையைத் திருத்தி, அந்த இடத்தில் இரண்டு பிழைகளை விதைத்து, அவற்றையும் அலுக்காமல் திருத்திவரும் அன்புப் பெரியோர்களே! சம்பளம் வாங்காமல் சண்டையை மட்டும் வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் இந்த மாரிபோர் நகரத்துக்கு வந்து சேரும் தோழர்களே, தோழியரே! தாய்மார்களே! இந்த மண்டபத்தில் தாய்மார்கள் குறைவு என்பது எனக்குத் தெரியும். இருக்கிற நான்கு பேருக்கும் நாற்பது வணக்கம். அந்த நால்வரில், மூன்றாம் வரிசையின் ஓரத்தில், பச்சை மேலங்கியோடு உட்கார்ந்து, இப்போது என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் தாயே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் டின்காரா. பள்ளியில் படிக்கிறேன். முகத்தை இன்றுதான் பார்க்கிறீர்கள். ஆனால் பெயரை அறிவீர்கள். பிழைப் பட்டியலில் ‘முள்ளங்கி’ என்ற பெயரில் உங்களுக்குத் தொல்லை கொடுப்பவள் நான்தான்.

சிரிக்கிறீர்கள். முள்ளங்கி என்றால் தாடி வைத்த ஒரு மாமா என்று நினைத்திருந்தீர்களா? பின்வரிசையில் ஒருவர் ஆமாம் என்று தலையாட்டுகிறார். மன்னியுங்கள், தாடி இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. இந்தப் பேச்சை அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு எழுதினேன். கால் நடுங்குகிறது. மேடை மேசைக்குத் துணி போட்டவர் யாரோ, அவருக்கு முதல் நன்றி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ப்ரேயாவில் நாம் நிரலை எழுதுவதில்லை, வரைகிறோம். திரையில் பெட்டி வைக்கிறோம், பெட்டிக்குப் பெட்டி வயர் இழுக்கிறோம், ஒலி பிறக்கிறது. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு வயர் புறப்பட்டால் எது முதலில் ஓடும்? இன்றுவரை நம் வழக்கம் ஒன்றே: எதை முதலில் இழுத்தோமோ, அது முதலில் ஓடும். அந்த வரிசை திரையில் தெரியாது. கோப்புக்குள் ஒளிந்திருக்கும். இந்த வழக்கத்தை ஒழிப்போம், இனி திரையில் எந்த வயர் வலப்பக்கம் போய்ச் சேர்கிறதோ அது முதலில் ஓடட்டும் என்று தலைவர் முன்மொழிந்திருக்கிறார். இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கி முடிவு செய்யப்போகிறீர்கள்.

அந்த விதி நிறைவேறினால் என் அம்மாவின் குரல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

என் அம்மா யெர்னேயா. இந்த ஊர்ச் சந்தையில் பூசணி விதை எண்ணெயும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் விற்கிறார். தொண்டையில் நோய் வந்தது. அறுத்தார்கள். நோய் போனது, குரலும் போனது. சரி, எழுதியதைப் படித்துக் காட்டும் செயலிகள் கைப்பேசியில் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன. ஒரு நாள் அதை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். எதிர்க்கடையில் மீன் விற்கும் ஃபேரி மாமா என்ன சொன்னார் தெரியுமா?

“என்னக்கா, விமானம் எத்தனை மணிக்குக் கிளம்புது? நான் ஜன்னல் ஓர சீட்டு கேட்டிருந்தேனே!”

அதோடு அந்தச் செயலி முடிந்தது. அம்மாவுக்கு விமான நிலையக் குரல் வேண்டாம். விலை கூவும் குரல் வேண்டும். கெஞ்சும் குரல் வேண்டும். திட்டும் குரல் கட்டாயம் வேண்டும்.

அப்போது வந்தவர்தான் எங்கள் மேல்மாடிக்காரர், மதுபான ஆலையில் மின்வேலை பார்க்கும் ஸ்மாகோ மாமா. அம்மா பாடகர் குழுவில் பாடிய பழைய பதிவுகள், உறவினர் கைப்பேசிகளில் அவர் விட்டுவைத்த குரல் செய்திகள், எல்லாவற்றையும் சேர்த்தார். அசை அசையாக வெட்டினார். ப்ரேயாவில் ஒரு படம் வரைந்தார். கணினி, ஒலிபெருக்கி, தள்ளுவதற்கு ஒரு நெம்பு, மூன்றையும் ஒரு கைப்பெட்டிக்குள் பொருத்தினார். அம்மா சொல்லைத் தட்டச்சு செய்வார். இடது கையால் நெம்பை மேலே கீழே தள்ளுவார். நெம்பு மேலே போனால் குரல் உயரும், கீழே வந்தால் தணியும். அவ்வளவுதான். அந்தப் பெட்டி முதன்முதலில் என்ன பேசியது தெரியுமா?

“ஸ்மாகோ, ஷூவக் கழட்டிட்டு உள்ள வாய்யா!”

அழுதுவிட்டார் ஸ்மாகோ மாமா. ஷூவையும் கழற்றிவிட்டார்.

அந்தப் படம் அழகாக இருந்ததா? இல்லை, தோழர்களே, இல்லவே இல்லை. எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பெட்டி. எங்கே பெட்டி இருந்ததோ அங்கெல்லாம் வயர். வயர் மேல் வயர், வயருக்குள் வயர், வயரே வயரைச் சுற்றிய வயர்! ஆனால் பேசியது. சந்தையே திரும்பிப் பார்க்கும்படி பேசியது.

ஒரு நாள் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனத்தோடு வந்தார், நட்போடு வந்தார். நேரான வயர் மீது அவருக்கு உள்ள பிரியம் நாடறிந்தது. (கைதட்டாதீர்கள், அவர் முகம் சிவக்கிறது.) படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னம்மா இது, நூடுல்ஸக் கொட்டின மாதிரி இருக்கு? இத வெச்சுக்கிட்டா பேசுறீங்க? ஒரு காப்பி போடுங்க, குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நேராக்கித் தர்றேன்.”

அம்மா காப்பி போட்டார். தலைவர் ஒரு வயரை அறுத்தார், நேராகத் திரும்ப இழுத்தார். அதே பெட்டியிலிருந்து அதே பெட்டிக்குத்தான். திரையில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை, முன்பைவிட அழகு. மறுநாள் அம்மா சந்தைக்குப் போனார்.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். ஒருவரிடம் அம்மா, “வேற என்ன வேணும்?” என்று சிரித்தபடி உயர்ந்த குரலில் கேட்டார். அடுத்து வந்தவர் டோன்ச்கா அத்தை. கணவரை அடக்கம் செய்துவிட்டு அன்றுதான் சந்தைக்கு வந்திருந்தார். அம்மா நெம்பைக் கீழே இறக்கினார். “ரொம்ப வருத்தமா இருக்கு, டோன்ச்கா” என்று அடித்தார். பெட்டி அதை எப்படிச் சொன்னது? சிரித்துச் சொன்னது. கூவி விற்கும் குரலில், குதூகலமாகச் சொன்னது. டோன்ச்கா அத்தை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா பெட்டியை மூடினார். பிறகு பல நாள் திறக்கவே இல்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினார். குரலை இழந்தவர்கள் உலகத்தில் பலர் உண்டு. அதே குரலை இரண்டு முறை இழந்தவரை நீங்கள் பார்த்ததுண்டா?

பிழை தேடினோம். ஸ்மாகோ மாமா ஒலிபெருக்கியை மாற்றினார். மின்கலத்தை மாற்றினார். “நெம்புலதான் எண்ணெய் இறங்கிருக்கும், உங்கம்மா கை எப்பவும் எண்ணெய்க் கையாச்சே” என்று நெம்பைக் கழற்றித் துடைத்தார். அம்மா ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினார்: “உன் மூளையத் துடை.” பேச முடியாவிட்டாலும் அவர் என் அம்மாதான்.

நான் பெட்டியோடு உட்கார்ந்தேன். நெம்பை உயர்த்தி “ஏன்” என்று அடித்தேன். தணித்து “சரி” என்று அடித்தேன். நடுவில் வைத்து “நாளை” என்று அடித்தேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்போது பிடிபட்டது. ‘சரி’ என்ற சொல் ‘ஏன்’ என்பதன் குரலில் வருகிறது. ‘நாளை’ என்ற சொல் ‘சரி’ என்பதன் குரலில் வருகிறது. ஒவ்வொரு சொல்லும் தனக்கு முந்தைய சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது!

உங்களுக்கு உடனே புரிந்துவிட்டது, தெரிகிறது. முன்வரிசையில் நெற்றியில் அடித்துக்கொள்கிறார்கள். முதல் முறை வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பெட்டிகளுக்கு இரண்டு வாசல். வலது வாசல் பொறுமைசாலி: வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இடது வாசல் அவசரக்காரி: ஏதாவது வந்த கணமே வேலையைத் தொடங்கிவிடும். குரலின் உயரம் வலது வாசலுக்கு முதலில் போக வேண்டும், சொல் இடது வாசலுக்கு அடுத்து வர வேண்டும். தலைவர் அறுத்துத் திரும்ப இழுத்தது உயரத்தின் வயரை. புதிதாக இழுத்ததால் அது வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது. சொல் முந்திக்கொண்டது. பழைய உயரத்திலேயே பேசிவிட்டது.

நான் சொல்லின் வயரை அறுத்து, திரும்ப இழுத்தேன்; இப்போது அது கடைசிக்குப் போனது, உயரம் முந்தியது. அவ்வளவுதான். அம்மா பேசினார். முதல் வேலையாக டோன்ச்கா அத்தை வீட்டுக்குப் போய்ப் பேசினார்.

யாரோ கேட்கிறீர்கள்... சத்தமாகக் கேளுங்கள், ஐயா. “வரிசைப் பெட்டி எதுக்கு இருக்கு? அந்தாளு அதப் போட்டிருக்கலாம்ல?” நல்ல கேள்வி. எது முன், எது பின் என்று கட்டளையிட நம்மிடம் வரிசைப் பெட்டி உண்டு. அதைப் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஸ்மாகோ மாமாவிடம் நானும் இதையே கேட்டேன். “அப்படி ஒரு பெட்டி இருக்கிறதே எனக்கு அப்பத் தெரியாதுடி. தெரிஞ்சப்ப எல்லாம் ஓடிக்கிட்டிருந்துச்சு. பேசிட்டிருக்கிற பொம்பள வாயில போய் ஸ்குரூ டிரைவர விடச் சொல்றியா?” என்றார். இப்போது போடலாமே என்றேன். “எந்த வயர எப்ப இழுத்தேன்னு யாருக்குத் தெரியும்? நேத்து என்ன சாப்பிட்டேன்னே எனக்கு ஞாபகம் இல்ல!”

அவர் கிடக்கட்டும். இங்கே இருப்பவர்களில், எல்லா இடத்திலும் தவறாமல் வரிசைப் பெட்டி போட்டவர் யார்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கை தெரிகிறது... அதுவும் இறங்கிவிட்டதே!

நடந்ததை அறிந்தபோது தலைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஒரு அம்மாவப் பேசவிடாமப் பண்ணிட்டேனே” என்றார். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் இன்றைய முன்மொழிவு. கண்ணுக்குத் தெரியாத வரிசை இனி யாரையும் கவிழ்க்கக் கூடாது என்று நினைக்கிறார். அந்த நினைப்புக்கு என் தலை வணங்குகிறது. ஆனால் ஐயா, அந்த மருந்து அம்மாவுக்கு ஆகாது.

உங்கள் சோதனைப் பதிப்பை இறக்கினேன். அம்மாவின் படத்தை அதில் திறந்தேன். நீங்கள் தொட்ட அந்த ஓர் இடம் சரியாக ஓடியது. உண்மையை மறைக்க மாட்டேன். ஆனால் படத்தில் அந்த ஓர் இடம்தானா இருக்கிறது? சொல் முடிந்ததும் நினைவைத் துடைக்கும் பெட்டி ஒன்று உண்டு. ஸ்மாகோ மாமா அதை வலது ஓரத்தில் வைத்திருந்தார். ஏன் அங்கே? அங்கேதான் இடம் இருந்தது! உங்கள் விதியில் அது முந்திக்கொண்டது. கடைசி அசை ஒலிக்கும் முன்பே துடைத்துவிட்டது. அம்மா ‘டின்காரா’ என்று அடித்தார். ‘டின்கா’ என்று வந்தது. நான் பிறந்த நாள் முதல் என் பெயரைக் குறைக்காமல் கூப்பிட்ட ஒரே ஆள் என் அம்மா.

பழைய பதிப்பிலேயே இருந்துகொள் என்கிறீர்களா? அந்தக் கணினியின் திரை இப்போதே பிசின் நாடாவில்தான் நிற்கிறது. புதிய கணினிகள் பழைய பதிப்பை ஏற்பதில்லை.

அம்மாவின் படம் தவறினால் நமக்குக் கேட்கும், ஏனென்றால் அம்மா பேசுகிறார். பேசாத படங்கள் எத்தனை? எத்தனை நாடக மேடைகளில், எத்தனை வகுப்பறைகளில், வரைந்தவர் மறந்துபோன வரிசையை ஒரு கோப்பு மட்டும் நினைவில் வைத்திருக்கிறது? அந்த நினைவை அழிக்கவா நாம் ஆண்டுதோறும் கூடுகிறோம்? இன்று அழகுக்காக ஒரு பெட்டியை நகர்த்தினால் அழகு மட்டுமே மாறும். நாளை நகர்த்தினால் பொருளே மாறும். அறுத்தால் கவிழ்ந்த காலம் போய், அசைத்தாலே கவிழும் காலம் வர வேண்டுமா?

வரிசை தெரியவில்லை என்பதுதானே குறை? தெரியச் செய்வோம். ஒரு விசையை அழுத்தினால் ஒவ்வொரு வயரின் மேலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் தோன்றும். வயரை அறுத்து இழுத்தால் எண் மாறுவது கண்ணெதிரே தெரியும். எண்ணைத் தட்டி வரிசையைத் திருப்பியும் வைக்கலாம். இதை எழுதி அனுப்பிவிட்டேன். முள்ளங்கியின் பெயரில் உங்கள் பரிசீலனைக்குக் காத்திருக்கிறது. அதில் பிழை இருக்கும். தேடிப் பிடித்துத் திட்டுங்கள், திருத்துகிறேன். அழிக்காதீர்கள், காட்டுங்கள். இதுவே என் வேண்டுகோள்.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். வெளியே உங்களுக்காகச் சுட்டுவைத்த புரெக் பலகாரம் ஆறுகிறது, அதுவும் தெரியும். ஒரே ஒரு வார்த்தை...

மன்னியுங்கள். அம்மா எழுந்துவிட்டார். ‘ஊர் முன்னாடி என் தொண்டையக் கடை பரப்பாத’ என்று சொல்லித்தான் என்னை அழைத்துவந்தார். பெட்டியைத் திறக்கிறார். நெம்பில் கை வைக்கிறார். திட்டு வாங்கத் தயாராக நிற்கிறேன்.

“போதும் டின்காரா. கீழ இறங்கி வா.”

கேட்டீர்களா? தோழர்களே, கேட்டீர்களா? சொல்லில் கண்டிப்பு. குரலிலோ கண்டிப்பு இல்லை. நெம்பை அடிமட்டத்துக்கு இறக்கி, மெல்ல, காய்ச்சலில் கிடக்கும்போது என்னைத் தொட்டு எழுப்புவாரே, அந்தக் குரலில் சொன்னார். அந்தச் சொல்லை எந்தக் கணினியும் சொல்லும். அந்தச் சொல்லை அந்தக் குரலில் என் அம்மா மட்டும்தான் சொல்வார். அதற்கு வயர்கள், அவை இழுக்கப்பட்ட வரிசையில் ஓட வேண்டும்.

அம்மா கூப்பிட்டுவிட்டார், நான் இறங்குகிறேன். எந்தப் பக்கம் கை தூக்குவது என்பது இனி உங்கள் முடிவு. பொறுமையோடு கேட்ட அவைக்கும், மணியை அடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்ட தலைவருக்கும் நன்றி. வணக்கம்.