மலம்புழாவில் பச்சைச் சுடிதார்

— ஏ கற்பகம், ஒம் மவ சோனா போட்டுட்டுத் திரியுதாளே, அந்தப் பச்சைச் சுடிதாரு யாருது? எம் மவ நிமிக்கு நான் கம்பத்துல எடுத்தது!

— மெதுவாப் பேசுங்க சந்தனம் மதினி. கேரவன்னாலும் சுவரு தகரந்தான், அணை பாக்க வந்தவன் எல்லாம் நம்மளப் பாக்கான். சோனா துணியில நிமி காப்பியக் கொட்டிட்டா. மாத்திக் குடுத்திருக்கா. சாரமில்ல, விடுங்க.

— சாரமில்லையா? எம் மவன் அஜய் அவன் முதலாளியோட இந்தக் கேரவன வயநாட்டுல கொண்டு விடப் போறான்னதும், வண்டிப்பெரியார்ல இருந்து எல்லாரையும் ஏத்திட்டு வந்தது ஊரு சுத்திப் பாக்கவா?

— பெறகு?

— நிமியப் பொண்ணு பாக்க! இங்க பக்கத்துல கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலை, பையன் பேரு மாரீஸ்வரன். அவுக இங்க பூங்காவுல தூர நின்னு பாப்பாக. புடிக்கலன்னா ஊருக்குத் தெரியாது, அசிங்கம் இல்ல. பச்சைச் சுடிதாருதான் அடையாளம்னு சொல்லிட்டேன்டி!

— எங்கிட்டயே மறைச்சீகளா? எஸ்டேட் லயத்துல எவன் வீட்டு ரசத்துல உப்பு கூடுனாலும் எனக்குத்தான மொதல்ல தெரியும்! ஒரு போட்டோ அனுப்பிருந்தா இந்தக் கூத்து உண்டா?

— பையந்தான் போட்டோ வேண்டாம், நேர்லயே பாக்கட்டும்னானாம், தரகர் சொன்னாரு. ஒங்கிட்ட சொன்னா மைக் செட்டு வச்ச மாதிரி. ஏட்டி நிமி, இங்க வா! நீ ஏன்டி வெளியவே போகல?

— வண்டி வளைவுல ஆடி ஆடித் தலை சுத்துதும்மா, படுத்துட்டேன். சோனாதான் ரோப்காருல ஏறுனா. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம், நர்சு வேலைக்குப் போறேன்னு சொன்னேன்ல?

— அப்பன் இல்லாத புள்ளைக்கு இப்படி ஒரு இடம் இனி எங்க வரும்?

— மதினி, போன் அடிக்குது. கஞ்சிக்கோடுதான்!

— நீயே எடுத்து ஸ்பீக்கர்ல போடு கற்பகம்.

— ஏனுங்க, மாரீசு அம்மா பேசறனுங்க. பச்சைச் சுடிதாரு புள்ளயப் பாத்துட்டோமுங்க. ரோப்காரு வரிசையில நடுவால பூந்தவன மலையாளத்துலயே நாலு கேள்வி கேட்டு, கடைசிக்கே அனுப்பிப் போட்டுதுங்க! எங்க ஊட்டுக்கு இப்படி வாயுள்ள புள்ளதானுங்க வேணும். இப்பவே வந்து பூ வெச்சுப் போடட்டுங்களா?

— மதினி, போனக் கையால பொத்திக்கிட்டேன். என்ன சொல்லப் போறீக?

— அம்மா, உள்ளதச் சொல்லிரு.

— சொன்னா இந்த இடம் கைய விட்டுப் போயிரும்டி…

— ஏனுங்க, பொறப்பட்டு வரட்டுங்களா?

— தாயீ… நீங்க பாத்தது எம் மவ இல்ல. பக்கத்து வீட்டுக் கற்பகம் மவ, சோனா. துணிய மாத்திப் போட்டுட்டாளுக.

— அட ஆண்டவா! அந்தப் புள்ள என்ன சனமுங்க?

— நம்ம சனந்தான்.

— அப்ப… தப்பா நெனைக்காதீங்க. அந்தப் புள்ளைக்கு எங்காச்சும் பேசி வெச்சிருக்காங்களா?

— இல்லங்க, இல்லவே இல்ல! அவளப் பெத்த கற்பகந்தான் பேசுதேன்! நீங்க வாங்க, வண்டிய நகத்தாம நிப்பாட்டி வைக்கோம்!

•

— சோனா கஞ்சிக்கோட்டுக்கு வாழப் போயி, வளைகாப்பும் ஆச்சு. நீங்க எட்டிக்கூடப் பாக்கல மதினி. இன்னும் கோவமா?

— கோவம் எதுக்கு கற்பகம்? நிமியும் பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிட்டா. வீடு வெறிச்சுனு கிடக்கு.

— நாம நெனைச்சோமா? முன்னப்பின்ன தெரியாத இடம், எம் மவளுக்குன்னு தானா வந்து அமைஞ்சது.

— தானா வந்துச்சா? நேத்து நிமி போன்ல சொன்னா. கஞ்சிக்கோட்டுக்குக் கம்பெனிப் பயிற்சிக்குப் போனப்பவே ஒம் மவளும் மாரீஸ்வரனும் பழக்கமாம். அன்னிக்கு நிமி காப்பியக் கொட்டுனதும் மூணு பேரும் பேசி வச்சுத்தானாம். காதல்னா அவன் அம்மா வாசப்படி ஏத்தாதுன்னு, எம் மவளுக்கு வரன் இருக்குன்னு தரகர எங்கிட்ட அனுப்பி வச்சதே ஒம் மவதான்டி.