மூச்சு எடுக்காத பாட்டு

ராத்திரி பத்தே கால். கோட்டுகாலிலிருந்து பூவாருக்குப் போகிற ரோடு. தொண்ணூற்றாறாம் வருஷம், ஓணத்துக்கு முந்தின நாள். கரண்ட் கிடையாது. ஆள் நடமாட்டமும் கிடையாது... ஒரு பைக் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஓட்டியது சோமன், இதோ உட்கார்ந்திருக்கிற நம்ம ஜெயனின் சித்தப்பா மகன். கபடி டீமுக்கு அவன்தான் கேப்டன். பின்னால் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு ரெனில். கடலுக்குப் போகிறவன், நல்ல நுரையீரல். 'கபடி கபடி' என்று பாடிப் போனான் என்றால் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வருவான். மறுநாள் ஃபைனல்.

அன்றைக்கு எட்டு மணிக்குப் பயிற்சியில் ரெனிலைப் பிடிக்கப் பாய்ந்தான் சோமன். அவன் முழங்கால் ரெனிலின் நெஞ்சில் ஏறிவிட்டது. 'டப்'பென்று சத்தம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள், ஃபைனல் போச்சு. நம்ம ஊர் வழக்கம் தெரியுமே... அடி பட்டால் தைலம், அப்புறம் அழுத்தித் தடவல். சிரிக்காதே விபின், நீயும் அதைத்தான் செய்திருப்பாய். சோமன் உள்ளங்கையை ஊன்றித் தடவினான். கைக்குக் கீழே என்னவோ 'நறுக்'கென்று நகர்ந்தது. அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் பாவி யாரிடமும் சொல்லவில்லை.

முக்கு வந்தது. இடப்பக்கம் நெய்யாற்றின்கரை, ஆஸ்பத்திரி. வலப்பக்கம் ரெனிலின் வீடு.

"அண்ணா... மூச்சு இழுக்கும்போ உள்ள குத்துது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"ஒண்ணுமில்ல மக்கா. தைலம் பிடிச்சா காலம்பற சரியாவும்."

வலப்பக்கம் திருப்பினான்.

கொஞ்ச தூரம் போனதும் காதுக்குப் பின்னால் மெதுவாக ஆரம்பித்தது. கபடி கபடி கபடி கபடி... அப்பாடா, பயலுக்குச் சரியாகிவிட்டது என்று சோமனுக்கு நிம்மதி. ஒரு கரண்ட் கம்பம் போனது. இரண்டு. ஐந்து. பதினேழு. பாட்டு நிற்கவில்லை. நடுவில் ஒரு தடவைகூட மூச்சு எடுக்கவில்லை. வாய் காதை உரசுகிற தூரம்... பிடரியில் சூடான காற்று பட வேண்டாமா? படவில்லை. தைல வாசனை மட்டும் வந்தது.

"மதி மக்கா, போதும்... நிறுத்து."

நிற்கவில்லை.

வீட்டு முற்றத்தில் பைக்கை நிறுத்தினான். ரெனிலின் அம்மா மார்கிரெட் மண்ணெண்ணெய் விளக்கோடு வந்தாள். சோமனின் இடுப்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஐஸ் மாதிரி இருந்தன.

உடைந்த விலா எலும்பு நுரையீரலில் குத்தியிருக்கிறது, தடவியதில் இன்னும் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். முக்கு தாண்டும்போதே உயிர் போயிருக்குமாம். அடி பட்டதுமே நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பானாம்.

அது மறுநாள் கதை. அன்றிரவு முற்றத்தில்... மகனை மடியில் போட்டுக்கொண்டு அலற வாயெடுத்த மார்கிரெட், சட்டென்று நிறுத்தினாள். தலையைத் தூக்கிக் காது கொடுத்தாள்.

"சோமா... எனக்க மோன் இங்க கெடக்கான். அப்போ அங்க பாடுறது ஆராக்கும்?"

சோமனுக்கும் கேட்டது. பாட்டு ரோட்டில் ஏறி, வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முக்கு வரைக்கும் போனது. அங்கிருந்து... ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பியது.